கல்லூரி முதல் வருடம்: விழா நாட்களில் என்ன உடுத்துவது? (கேரளத்தின் பாலக்காடு, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக)

வேலந்தாவளம் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன், தமிழ் மீடியம். பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் பி.காம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் நான்தான், அதனால் வீட்டில் கேட்க யாரும் இல்லை. தினமும் போட்டுப் போக நாலைந்து சுடிதார் இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை. வரவேற்பு விழா, சீனியர்கள் வைக்கும் பிரஷர்ஸ் டே, ஓணம், கேரளப் பிறவி (மாநிலம் பிறந்த நாள்), கருத்தரங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் என்ன உடுத்துவது? அம்மா ஒரு பட்டுச் சேலை எடுத்துவிடலாம் என்று சீட்டுப் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, செட்டுமுண்டு (கேரளப் பெண்கள் கட்டும் இரண்டு துண்டு உடுப்பு) இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்கிறார். எது நிஜம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சித்தூர் டீச்சர்:

கண்ணு, முதலில் அம்மாவிடம் சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. எந்தக் கல்லூரி விழாவுக்கும் முதல் வருடப் பிள்ளைக்குப் பட்டு தேவையில்லை. இந்தத் தாலுகாவில்தான் பல வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பட்டு கட்டி வரும் பிள்ளைகள் நாள் முழுக்க முந்தானையையும் மடிப்பையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியாது.

இப்போது முதல் நாள். நான்கு வருடப் பட்டப்படிப்பு 2024 ஜூலை 1 அன்று தொடங்கியபோது, அந்த நாளை விஞ்ஞானோத்சவம் என்ற பெயரில் கேரளம் முழுக்கக் கல்லூரிகளில் விழாவாகவே நடத்தினார்கள். எப்படிப் பார்த்தாலும் முதல் நாள் என்பது ஜூலை வாக்கில்தான் வரும், அதாவது மழையில். வேலந்தாவளத்தில் நீ பஸ் ஏறும்போது வெயில் அடிக்கும், காற்று மட்டும்தான் இருக்கும். பாலக்காடு ஸ்டாண்டில் இறங்கும்போது கொட்டிக்கொண்டிருக்கும். வெள்ளை லெக்கிங்ஸ், தரையைத் தொடும் பாவாடை, நனைந்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணி, இதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அடர் நிறத்தில் பேன்ட், முழங்கால் வரை வரும் பருத்திக் குர்த்தா, சீக்கிரம் காயும் துப்பட்டா. உன்னிடம் இருக்கும் சுடிதாரிலேயே சாயம் போகாத ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தால் போதும்.

செருப்பு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நம் கல்லூரிகளில் எந்த விழாவும் நிலவிளக்கு ஏற்றித்தான் தொடங்கும். முதல் வருடத்துப் பிள்ளை ஒருவரைத் திடீரென்று ஒரு திரி ஏற்றக் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் விளக்குக்குப் பக்கத்தில் போவது வழக்கம். வாரைக் குனிந்து அவிழ்க்க வேண்டிய செருப்பாக இருந்தால் எல்லோர் முன்பும் தடுமாற வேண்டியிருக்கும். சட்டென்று காலை உருவிக்கொள்ளும் மாதிரி, நனைந்த மொசைக் தரையில் வழுக்காத செருப்பு நல்லது. துப்பட்டா பறக்காமல் இருக்க இரண்டு பின். விளக்கு அருகே போகும்போது துப்பட்டாவையும் அவிழ்த்த கூந்தலையும் பின்னால் பிடித்துக்கொள்.

செட்டுமுண்டு கட்டாயம் என்பது பேச்சு மட்டும்தான். சேலைதான் கட்ட வேண்டும் என்று ஆசிரியைகளையே கட்டாயப்படுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறை 2021 நவம்பரில் உத்தரவு போட்டது. நானே பாதி நாள் சுடிதாரில்தான் வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியைக்கு இல்லாத கட்டாயம் உனக்கு எங்கிருந்து வரும்? ஓணத்தன்று ஆசைப்பட்டுக் கட்டலாம், அழகாக இருக்கும். கட்டாவிட்டால் யாரும் கேட்டில் நிறுத்த மாட்டார்கள்.

கொல்லங்கோடு காற்று:

டீச்சர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கொஞ்சம் மாறுபடுகிறேன். கட்டாயம் இல்லை என்பது சட்டப்படி சரி. ஓணத்தன்று வகுப்பில் அறுபது பேரும் கசவில், அதாவது ஜரிகைக் கரை வைத்த வெளிர் துணியில், வரும்போது ஒருத்தி மட்டும் மஞ்சள் சுடிதாரில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? நானும் தமிழ் மீடியத்திலிருந்து போனவள்தான். மலையாளம் தடுமாறும், எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். அந்த நிலையில் உடுப்பிலும் தனியாகத் தெரிவது கஷ்டம். பூக்களம் (பூக்கோலம்) போட உட்காரும்போது, சத்யக்கு (ஓண விருந்துக்கு) வரிசையில் உட்காரும்போது, எல்லோரும் ஒரே நிறத்தில் இருப்பதில் ஒரு சேர்க்கை இருக்கிறது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் எப்படியாவது ஒரு செட்டுமுண்டு ஏற்பாடு செய்துகொள் என்றுதான் நான் சொல்வேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இரவல் வாங்கலாம்.

வாளையார் வண்டி:

இரவல் வாங்கியாவது எல்லோரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. நம் பெண்பிள்ளைகள் பாவாடை தாவணியில் போனால் என்ன குறை? பையன்கள் நம் ஊர் வேட்டி கட்டினால் என்ன? ஓணத்தைச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ் வீடுகளிலும்தான் கொண்டாடுகிறோம். அவரவர் வீட்டு நல்ல துணியில் வரட்டும்.

கொல்லங்கோடு காற்று:

வரட்டும் அண்ணா, நான் தடுக்கவில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே அந்தத் துணிச்சல் இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது என்கிறேன். இரண்டாம் வருடத்தில் அவளே தாவணியில் போவாள், பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போவாள்.

தேவிகுளம்:

நான் மலைப்பக்கம், எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். இப்போது வேலையில் இருக்கிறேன். இந்தப் பேச்சில் பணம் பற்றி யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நான் படித்த இடத்தில் ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப் குழுவில் பையன்களுக்கு ஒரே நிறச் சட்டை, பெண்களுக்கு ஒரே நிற ப்ளவுஸ் என்று முடிவு செய்து, தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். சத்யக்குத் தனி வசூல், பூக்களத்துக்குப் பூ வாங்கத் தனி வசூல். எங்கள் வகுப்பில் என்னைப் போல மலையிலிருந்து வந்த ஒரு பெண் ஓணத்தன்று வரவே இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். காரணம் துணிதான் என்று ரொம்பக் காலம் கழித்துத்தான் சொன்னாள். வகுப்பில் ஒருவர்கூட அவளைக் கேலி செய்யக்கூடியவர்கள் இல்லை. குழுவில் எழுபது பேர் கட்டைவிரல் காட்டிய பிறகு, என்னிடம் பணம் இல்லை என்று எழுதுவது யாருக்கும் முடியாது, அவ்வளவுதான்.

நிறம் முடிவு செய்கிற இடத்தில் இருக்கிற பிள்ளைகளே, இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். ஒரே கடைத் துணி என்று வைக்காதீர்கள். பச்சை என்றால் எந்தப் பச்சையும் சரி என்று சொல்லுங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஏதாவது ஒரு பச்சை இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். வசூல் கணக்கைக் குழுவில் பெயர் போட்டு எழுதாதீர்கள், கொடுத்தவர் கொடுக்காதவர் பட்டியல் போடவே போடாதீர்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளே, பணம் இல்லை என்றால் குழுவில் எழுத வேண்டாம். வகுப்பு டியூட்டரிடமோ, நம்பிக்கையான ஒரு சேச்சியிடமோ (அக்காவிடமோ) தனியாகச் சொல்லுங்கள். எப்படியும் வழி பண்ணுவார்கள்.

சித்தூர் டீச்சர்:

தேவிகுளம் தம்பி எழுதியதை எங்கள் கல்லூரி ஆசிரியர் குழுவில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். டியூட்டரிடம் சொல்லுங்கள் என்பது நூறு சதவீதம் சரி. என் அலமாரியில் மட்டும் ஆறேழு செட்டுமுண்டு இருக்கிறது, ஓண வாரத்தில் அதில் ஒன்றுகூட என் வீட்டில் இருக்காது. பிள்ளைகள் கட்டிக்கொண்டு போய்த் துவைத்துக் கொண்டுவந்து தருவார்கள். மற்ற டீச்சர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையே இல்லை.

நல்லேப்பிள்ளி பையன்:

நானும் இந்த வருடம்தான் சேர்கிறேன். பையன்களுக்கும் சொல்லுங்களேன். எனக்கு வேட்டி கட்டியே பழக்கமில்லை, இடுப்பில் நிற்காது என்று பயம்.

மீனாட்சிபுரம் அண்ணன்:

தம்பி, பயப்படாதே. சாதாரண விழாக்களுக்கு முழுக்கைச் சட்டை, அடர் நிறப் பேன்ட், ஷூ அல்லது மூடிய செருப்பு. சட்டையை உள்ளே விட வேண்டும் என்றில்லை, பட்டன் முழுதாக இருந்தால் சரி. கிழித்த மாதிரி ஜீன்ஸும் எழுத்துப் போட்ட பனியனும் மட்டும் வேண்டாம்.

ஓணத்துக்கும் கேரளப் பிறவிக்கும் வேட்டி. நாலு முழம் என்பது ஒற்றை, எட்டு முழம் என்பது இரட்டை. புதிதாகக் கட்டுபவர்கள் நாலு முழம் சுலபம் என்று அதை வாங்குகிறார்கள். ஒற்றை வேட்டியில் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் உள்ளே தெரியும், நடக்கும்போது காற்றில் விலகும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். எட்டு முழமே வாங்கு, இரண்டாக மடித்துக் கட்டினால் கனமாக நிற்கும். உள்ளே ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொள். இடுப்புக்கு அகலமான வேட்டி பெல்ட் கடைகளில் கிடைக்கும், அதில் செல்போன் வைக்கப் பையும் இருக்கும். ஒட்டிக்கொள்ளும் பட்டை (வெல்க்ரோ) வைத்துத் தைத்த வேட்டியும் உண்டு, அதை வாங்கினாலும் தப்பில்லை. எப்படியானாலும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து வீட்டில் சாயங்காலம் கட்டிப் பழகு. உட்கார், எழு, மாடிப்படி ஏறு. மூன்றாம் நாள் இடுப்பு தானாகப் பிடித்துக்கொள்ளும்.

கரை நிறத்தில் ஒரு விஷயம் உண்டு. பொள்ளாச்சியிலோ கோவையிலோ வேட்டி எடுக்கும்போது கரையைப் பார்த்து எடு. தமிழ்நாட்டில் கறுப்பு சிவப்பு, கறுப்பு வெள்ளை சிவப்பு என்று கட்சிக்கு ஒரு கரை உண்டு. அப்பா வேட்டி என்று எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விடாதே. கல்லூரியில் யூனியன் தேர்தல் நேரம் என்றால் யாராவது படம் எடுத்துப் போட்டு வேறு மாதிரி பேசுவார்கள். கசவுக் கரை, இல்லாவிட்டால் ஒரே நிறத்தில் மெல்லிய கரை போதும்.

இன்னொன்று, மடித்துக் கட்டுவது. நடக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வது சாதாரணம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எதிரே ஆசிரியர் வந்தால், பெரியவர்களிடம் பேசினால், மேடைக்குப் போனால் இறக்கிவிட வேண்டும். இதை யாரும் சட்டமாகச் சொல்ல மாட்டார்கள். சாரும் டீச்சரும் கவனிப்பார்கள்.

வாளையார் வண்டி:

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால்?

மீனாட்சிபுரம் அண்ணன்:

கறுப்போ நீலமோ அப்படியே வரலாம், செருப்பு இல்லாமலும் வரலாம். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பாதி வகுப்பு அப்படித்தான் இருக்கும் அந்த மாதங்களில். வாய்மொழித் தேர்வில்கூட யாரும் ஒன்றும் சொல்லி நான் பார்த்ததில்லை. கெமிஸ்ட்ரி லேபுக்கு மட்டும் வெறுங்காலில் போகக் கூடாது, ஆசிட் சிந்தும் இடம். முன்கூட்டியே சாரிடம் பேசி அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாலராமபுரம் தறி:

எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மா காலத்தில் தெற்குத் தமிழகத்திலிருந்து நெசவுக்காக இங்கே, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துப் பாலராமபுரத்துக்கு, கூட்டிவரப்பட்ட சாலியர் குடும்பங்களின் வழிவந்தவர்கள் நாங்கள். வீட்டில் இன்னும் தமிழ்தான். வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லலாமா?

செட்டுமுண்டு என்பது இரண்டு துண்டு. ஒன்று இடுப்பில் சுற்றும் முண்டு, இன்னொன்று மேலே போடும் நேரியது. கேரளச் சேலை என்று விற்பது ஒரே நீளத் துணி, சேலை கட்டத் தெரிந்தால் கட்டிவிடலாம். முதல் தடவை கட்டுகிற பிள்ளைக்குச் சேலையைவிடச் செட்டுமுண்டுதான் சுலபம், கொசுவம் கலைந்துவிடுமோ என்ற பயமே கிடையாது. முண்டைச் சுற்றி இறுக்கிச் செருகிக் கரை நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உள்பாவாடை வெள்ளையோ சந்தன நிறமோ இருக்க வேண்டும். வேறு நிறம் போட்டால் அப்படியே வெளியே தெரியும். பிள்ளைகள் எல்லோரும் ப்ளவுஸ் நிறத்தை யோசிப்பார்கள், உள்பாவாடையை மறந்துவிடுவார்கள்.

கைத்தறியா விசைத்தறியா என்று பார்க்க, துணியின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இருக்க ஊசி முனை உள்ள குச்சியை விரித்துப் பிடிப்போம், அதன் பொடித் துளைகள் ஓரத்தில் வரிசையாக இருக்கும். கைத்தறி முத்திரையும் இருக்கும். பாலராமபுரம், சேந்தமங்கலம், குத்தாம்புள்ளி மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. உங்கள் பாலக்காட்டுக்குக் கிட்டத்தில் இருப்பது குத்தாம்புள்ளி, திருவில்வாமலைக்குப் பக்கம். அங்கே நெய்பவர்கள் மைசூர்ப் பக்கமிருந்து வந்த தேவாங்கர்கள். ஓணத்துக்கு முன்னால் ஹான்டெக்ஸ், ஹான்வீவ் என்ற கேரளக் கைத்தறிக் கடைகளில் தள்ளுபடி வரும், அந்த நேரம் பார்த்து வாங்கலாம்.

பணம் இல்லாத பிள்ளை விசைத்தறியில் நெய்ததை வாங்கினால் அதைக் குறையாக நான் நினைக்க மாட்டேன். வசதி உள்ளவர்களிடம்தான் எங்கள் வேண்டுகோள். ஓணம் ஒரு சீசன்தான் எங்களுக்கு வருடச் சோறு. 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலத்துக்காரர்கள் ஓணத்துக்கு நெய்து வைத்திருந்த துணி முழுக்கச் சேற்றில் போனது. அந்தச் சேறு பிடித்த சேலைகளை வெட்டிச் சேக்குட்டி என்று பொம்மை செய்து விற்றுத்தான் கொஞ்சம் மீட்டார்கள். ஒரு துணி வாங்கும்போது அந்தத் தறி நிற்காமல் இருக்கிறது.

பராமரிப்பு: கசவை முறுக்கிப் பிழியாதீர்கள், நிழலில் காய வையுங்கள், கரையின் மேல் நேராகச் சூடான இஸ்திரி வைக்காமல் பின்பக்கம் திருப்பியோ மேலே ஒரு துணி போட்டோ தேயுங்கள். சாம்பார் சிந்தினால் உடனே தண்ணீரில் நனையுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மஞ்சள் கறை போகவே போகாது.

கொல்லங்கோடு காற்று:

சாம்பார் கறை பற்றிச் சொன்னதற்கு ஒரு பெரிய நன்றி அண்ணா. சத்யக்கு உட்காரும்போது மடியில் விரிக்க ஒரு துண்டு கொண்டு போங்கள் பிள்ளைகளே. பாயசம் ஊற்றுகிறவர்கள் ஓடிக்கொண்டே ஊற்றுவார்கள்.

நகரிக்காரன்:

ஆந்திரப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் திருப்பதியில்தான் படிக்கிறார்கள். 1954-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பெண்களுக்கான பத்மாவதி பல்கலைக்கழகம் இரண்டும் அங்கே. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறையே இருக்கிறது. எங்கள் பக்கம் ஓணம் இல்லை, ஆனால் டிரெடிஷனல் டே என்று ஒன்று வைப்பார்கள், யுகாதிக்கும் பொங்கலுக்கும் விழா உண்டு. பெண்கள் பாவாடை தாவணியில் வந்தால் தெலுங்குப் பிள்ளைகளோடு கலந்து நிற்பார்கள், அவர்கள் லங்கா ஓணி என்பார்கள், உடுப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இங்கே நம் பிள்ளைகளுக்கு உங்கள் ஊரில் இருக்கிற அந்தச் சங்கடம் குறைவு. பையன்கள் வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் ஒரு துண்டு.

ஒரு யோசனை. திருமலையில் ஆர்ஜித சேவைக்கு (கட்டணம் கட்டிக் கலந்துகொள்ளும் பூஜைக்கு) போகும்போது ஆண்களுக்கு வேட்டியும் மேல்துண்டும், பெண்களுக்குச் சேலையோ தாவணியோ துப்பட்டாவுடன் சுடிதாரோ என்று விதி இருக்கிறது. வீட்டில் அதற்காக ஒரு நல்ல செட் எப்படியும் வைத்திருப்பார்கள். அதையே கல்லூரி விழாவுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒன்று வாங்க வேண்டாம். எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓயாது, துணிக்கு நடுவில் வளர்ந்தவன் சொல்கிறேன்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச்சுக்குப் பிறகு திருப்பதியில் ஆண்டு விழா வைத்தால் பாலியஸ்டர் கோட் போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார முடியாது. மேலாண்மைப் பாடம் படிக்கிற பிள்ளைகளைக் கோட் சூட்டில் வரச் சொல்வார்கள். அதை வாடகைக்கு எடுங்கள், ஒரு நாள் விஷயம்.

சட்டக்கல்லூரி மாணவி:

எங்கள் பாடத்துக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு. மூட் கோர்ட்டுக்கு (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்துக்கு) வெள்ளைச் சட்டை அல்லது வெள்ளைச் சுடிதார், கறுப்புக் கோட், கறுப்பு ஷூ. கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் அங்கியும் வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான். ஆசையாக இருக்கிறது என்று முதல் வருடத்திலேயே வாங்கி உண்மையான கோர்ட்டுக்குள் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கறுப்புக் கோட் ஐந்து வருடமும் உழைக்கும், அதில் மட்டும் நல்ல துணி பார்த்து அளவெடுத்துத் தையுங்கள். சீனியர்கள் படிப்பு முடித்துப் போகும்போது பழையதையும் கொடுப்பார்கள்.

பெருவெம்பு:

கேள்வியிலிருந்து விலகுகிறேனா தெரியவில்லை. என் தம்பிக்கு இந்த அக்டோபரில் ஆக்ஸ்போர்டில் முதுகலை கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு. அங்கே முதல் வாரத்திலேயே ஏதோ சடங்கு, அதற்குத் தனி உடுப்பு என்று கடிதம் வந்திருக்கிறது. கோவையிலேயே எல்லாம் தைத்துவிடலாமா?

கடல் தாண்டிய சித்தூர்:

வாழ்த்துகள்! நான் அங்கே படித்தவள், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

அந்தச் சடங்கின் பெயர் மெட்ரிகுலேஷன். புது மாணவர்களைப் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர்த்துக்கொள்வார்கள், ஷெல்டோனியன் என்ற பழைய அரங்கத்தில் நடக்கும். அதற்குப் போடும் உடுப்பைச் சப் ஃபஸ்க் என்பார்கள். அடர் நிறக் கோட்டும் பேன்ட்டும், அடர் நிறக் காலுறை, கறுப்பு ஷூ, காலர் வைத்த வெற்று வெள்ளைச் சட்டை. கழுத்தில் கறுப்பு டை, கறுப்பு அல்லது வெள்ளை போ டை, இல்லாவிட்டால் கறுப்பு ரிப்பன், இதில் ஏதாவது ஒன்று. பெண்களும் பேன்ட் போடலாம், பாவாடையும் போடலாம். ஆணுக்கு இது பெண்ணுக்கு இது என்ற பிரிவை 2012-இல் எடுத்துவிட்டார்கள். அடர் நிறம் என்றால் கறுப்பு, அடர் சாம்பல், அடர் நீலம். பழுப்பு நிறக் கோட் தைத்துவிடாதீர்கள்.

சட்டை, கோட், பேன்ட், ஷூ எல்லாம் கோவையிலேயே வாங்குங்கள், பாதிச் செலவு மிச்சம். அங்கியையும் சதுரத் தொப்பியையும் மட்டும் அங்கே போய் வாங்குங்கள். இளங்கலைக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று என்று அங்கி மாறும், தெரியாமல் வேறு ஒன்றை வாங்கினால் வீண். பழையதும் கிடைக்கும். தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான் வழக்கம்.

ஒரு நாளைக்கு இவ்வளவா என்று நினைக்காதீர்கள். அதே உடுப்பைத்தான் தேர்வு எழுதும்போதும் போட வேண்டும், கடைசியில் பட்டம் வாங்கும்போதும். இது வேண்டுமா வேண்டாமா என்று 2015-இல் மாணவர்களிடமே ஓட்டெடுப்பு வைத்தார்கள். முக்கால்வாசிக்கும் மேல் வேண்டும் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே உடுப்பில் உட்காரும்போது யார் வீட்டில் எவ்வளவு பணம் என்று தெரியாது என்று என் தோழிகள் சொன்ன காரணம் எனக்கு உண்மையாகவே பட்டது. தேர்வில் அங்கியில் கார்னேஷன் பூ குத்திக்கொள்வார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு, கடைசிக்குச் சிவப்பு. தம்பிக்கு அந்தச் சிவப்புப் பூ கிடைக்கும் நாளை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

தேவிகுளம்:

அக்கா சொன்ன காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அங்கேயும் அந்த ஒரே உடுப்பை வாங்க முதலில் பணம் வேண்டுமே. பழைய அங்கி கிடைக்கும் என்று சொன்னீர்கள் பாருங்கள், அந்த ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு அலமாரி, போகிற பிள்ளைகள் வைத்துவிட்டுப் போகட்டும், வருகிற பிள்ளைகள் கேட்காமலே எடுத்துக்கொள்ளட்டும். டீச்சர் வீட்டு அலமாரியை நம்பி மட்டும் இருக்கக் கூடாது.

சித்தூர் டீச்சர்:

செய்கிறேன் தம்பி. ஸ்டாஃப் ரூமுக்குள் வைத்தால் பிள்ளைகள் வர யோசிப்பார்கள், அதனால் நூலகத்துக்குப் பக்கத்து அறையைக் கேட்டுப் பார்க்கிறேன். என்னுடைய மூன்று செட்டுமுண்டை முதலில் நானே வைக்கிறேன்.

வாளையார் வண்டி:

பட்டமளிப்பு அங்கியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்பா இப்போதே கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்கிறார், தங்கை இப்போதுதான் சேர்கிறாள்.

சித்தூர் டீச்சர்:

அது நாலு வருடம் கழித்து வரும் விஷயம், அதற்குள் என்னவெல்லாம் மாறுமோ. 2010-இல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றினார். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கியைக் கைத்தறித் துணியில் செய்யுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், தன் கீழ் உள்ள மருத்துவக் கல்லூரிகளில் கறுப்பு அங்கியும் தொப்பியும் விட்டு அந்தந்த மாநிலத்து மரபை ஒட்டிய உடுப்புக்கு மாறச் சொன்னது. அங்கியானாலும் அங்கவஸ்திரமானாலும் அன்றைக்குக் கல்லூரியே கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும், பெரும்பாலும் வாடகைக்கு. அப்பாவை இப்போதே எதுவும் தைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலந்தாவளம் பெண்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். சீட்டுப் பணம் தப்பித்தது, அதில் ஹாஸ்டல் டெபாசிட் கட்டப் போகிறோம். முதல் நாளைக்குக் கருநீலச் சுடிதார் என்று முடிவு செய்துவிட்டேன். ஓணத்துக்குச் சித்தி வீட்டில் ஒரு செட்டுமுண்டு இருக்கிறதாம், கட்டிப் பழக இப்போதே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். நவம்பர் 1 கேரளப் பிறவிக்குத் தாவணியில் போகலாம் என்று இருக்கிறேன், வாளையார் அண்ணா சொன்ன மாதிரி. அன்றைக்குத் தமிழ்த் துறை அக்காக்களும் வருவார்களாம், தனியாக நிற்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ப்ளவுஸ் மட்டும் தைக்க வேண்டும். எப்போது கொடுத்தால் ஓணத்துக்குக் கிடைக்கும்?

கொல்லங்கோடு காற்று:

ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடு தங்கம். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணத் துணியும் ஓணத் துணியும் சேர்ந்து வந்து குவியும், எந்த டெய்லரும் புதுத் துணி வாங்கமாட்டார். வகுப்பில் நிறம் முடிவாகும் வரை காத்திருக்காதே, சந்தன நிறத்தில் தைத்துவிடு, எல்லா நிறக் கரைக்கும் ஒத்துப்போகும். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைக்கச் சொல். அடுத்த வருடம் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.